கடல் மீன் தொட்டி: அடியில் கிடக்கும் மணலும் பாறையும் அலங்காரமல்ல

கோடை விடுமுறை நெருங்கினால் போதும், "வீட்டில் மீன் தொட்டி வைக்கலாமா ஹழ்ரத்?" என்ற கேள்வி நம்மிடம் வந்துவிடும். முன்பெல்லாம் இது கப்பி, கோல்டு ஃபிஷ் பற்றிய கேள்வி. இப்போது பிள்ளைகள் கேட்பது கடல் மீன். நீமோ படம் பார்த்த தலைமுறை வளர்ந்து பெற்றோராகிவிட்டது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட அந்த மீன் கொளத்தூர் கடைகளிலேயே கிடைக்கிறது. ஆசைப்பட்டு வாங்கிவிடுகிறார்கள். ஒரு மாதத்திற்குள் மீன் செத்து மிதக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்ற பேச்சு எழுகிறது. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் குறை மீனில் இல்லை. தொட்டியின் அடியில் கிடக்கும் மணலிலும் பாறையிலும் இருக்கிறது. யாரும் அதைக் கவனிப்பதில்லை. வண்ணத்திற்காகப் போட்டது என்றுதான் நினைக்கிறார்கள்.

மார்க்கத்தில் இதற்கு இடம் உண்டா என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவியை வைத்து விளையாடியதையும், அது இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அந்தக் குழந்தையிடம் அன்போடு அதைப் பற்றி விசாரித்ததையும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காண்கிறோம். அழகுக்காகவும் மகிழ்வுக்காகவும் உயிரினங்களை வளர்க்கலாம் என்று அறிஞர்கள் இதிலிருந்து எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். கூடவே, பூனையை அடைத்து வைத்து உணவும் கொடுக்காமல், தானாகத் தேடிக்கொள்ள வெளியேயும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய எச்சரிக்கையும் நமக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். பூனைக்கு உணவு என்றால் நமக்குப் புரிகிறது. மீனுக்கு? நாம் தூவும் தீனி அதில் பாதிதான். அது மூச்சு விடுவதும் கழிவதும் ஒரே நீரில். அந்த நீர் நஞ்சாகாமல் இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். நீரை நஞ்சாகாமல் காக்கும் வேலையைக் கடல் மீன் தொட்டியில் செய்வது மணலும் பாறையும்தான். ஆகவே அவற்றைப் பராமரிப்பதும் அந்த மீனுக்கு உணவளிப்பதில் சேர்ந்தது என்றே நாம் கருதுகிறோம்.

குப்பத்து மணல்

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் வடக்கு நோக்கி நடந்தால், கடைகளும் கூட்டமும் குறைந்து ஓரிடத்தில் படகுகளும் வலைகளும் தொடங்கும். அதுதான் ஊரூர் ஒல்காட் குப்பம். 1882-ல் அடையாறில் தலைமையகம் அமைத்த தியாசபிகல் சொசைட்டியின் முதல் தலைவர் ஹென்றி ஸ்டீல் ஒல்காட்டின் பெயரைத் தாங்கிய மீனவர் குடியிருப்பு. இன்னும் வடக்கே போனால் அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம். அங்கே பாதியில் நிற்கும் உடைந்த பாலம்.

மீன் வாங்க அந்தப் பக்கம் போகும்போது ஒரு காட்சியை நாம் சில தடவை கண்டிருக்கிறோம். சுற்றியுள்ள அடுக்ககங்களிலிருந்து வரும் குடும்பங்கள் பிளாஸ்டிக் பையில் மணலையும் கிளிஞ்சலையும் அள்ளிக்கொண்டிருப்பார்கள். மீன் தொட்டிக்காம். கடல் மீனுக்குக் கடல் மணல், காசும் மிச்சம் என்பது கணக்கு. ஒரு முறை நமக்குத் தெரிந்த சகோதரர் ஒருவரே இப்படி அள்ளிக்கொண்டிருந்தார். வலை சீர் செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் அவரைப் பார்த்து, "இன்னா பாய், வூடு கட்டப் போறியா?" என்றார். மீன் தொட்டிக்கு என்றதும் சிரித்துவிட்டார். "இந்த மண்ணு இன்னிக்கு இங்க இருக்கும், நாலு மாசம் போனா வேற எங்கியோ இருக்கும். இத்த எட்துனு போயி பொட்டில வெக்கிறியா?"

அவர் கிண்டலாகச் சொன்னாலும் சொன்னது சரியான செய்தி. சென்னைக் கரையில் மணல் நிலையாக இருப்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் அலைகள் மணலை வடக்கே நகர்த்துகின்றன. வாடைக்காற்று வீசும் வடகிழக்குப் பருவத்தில் தெற்கே நகர்த்துகின்றன. ஆண்டு முழுவதற்கும் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர் கடலுக்குள் நீண்டபோது, வடக்கே போக வேண்டிய மணல் அதன் தென்புறம் தேங்கியது. நாம் இன்று காற்று வாங்கும் அகன்ற மெரினா அப்படி வந்ததுதான். வடபுறம் ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை மணல் கிடைக்காமல் கரை அரித்தது. கல் கொட்டித் தடுக்க வேண்டியதாயிற்று. கோடையில் அடையாறு முகத்துவாரத்தை அடைத்துக்கொள்வதும் இதே மணல்தான். ஜனவரி முதல் மார்ச் வரையிலான இரவுகளில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுவதும் இதே மணலில்தான். 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் இந்தக் கரையில் இரவு நடை நடந்து அந்த முட்டைகளைப் பாதுகாத்து வருகிறார்கள். ஆக, கேட்பாரற்றுக் கிடப்பதுபோல் தெரியும் இந்த மணலுக்கு ஏராளமான வேலை இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் மணல் அள்ளுவதைத் தடை செய்வதற்கும் காரணம் இதுவே. ஒரு பை மணலால் கரை தேய்ந்துவிடாது என்பார்கள். வாரம் எத்தனை பைகள் என்று குப்பத்துக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

சரி, எடுத்துவந்த மணல் தொட்டிக்காவது உதவுமா? ஒரு காந்தத்தை அந்த மணலில் இழுத்துப் பாருங்கள். கரிய துகள்கள் மீசைபோல் ஒட்டிக்கொள்ளும். அவை இரும்புத் தாது. மற்றவை பெரும்பாலும் குவார்ட்ஸ் எனும் பளிங்குக் கல்லின் பொடி. மலைகளிலிருந்து ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்து கடலில் சேர்த்தது. அது நஞ்சல்ல. ஆனால் கடல் மீன் தொட்டிக்குத் தேவையான முக்கியமான உதவியை அது செய்யாது. தொட்டி நீர் நாளாக நாளாக அமிலத்தன்மை கொள்ளப் பார்க்கும். சுண்ணாம்புச் சத்தால் ஆன மணல் அதைக் கொஞ்சமாவது ஈடுகட்டும். பளிங்கு மணல் சும்மா கிடக்கும். இதைவிடப் பெரிய சிக்கல், நகரத்தின் கழிவுநீரைச் சுமந்துவரும் அடையாறு பக்கத்திலேயே கடலில் கலக்கிறது என்பது. எண்ணெய்ப் பிசுக்கும் பிளாஸ்டிக் துணுக்குகளும் அழுகும் கழிவும் அந்த மணலோடு கலந்தே வரும். இதே காரணத்தால் குப்பத்துக் கடல் நீரையும் குடத்தில் பிடித்துவந்து தொட்டியில் ஊற்ற வேண்டாம். மழைக்காலம் முடிந்த மாதங்களில் வங்காள விரிகுடாவின் கரையோர நீரில் உப்பும் குறைந்திருக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. எந்த மணலையும் கல்லையும் எடுத்து அதன்மேல் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு வகை. நுரைக்காவிட்டால் பளிங்கோ கருங்கல்லோ. கடைகளில் அரகோனைட் என்ற பெயரில் விற்பது நுரைக்கும். இதில் பெரும் பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. பஹாமாஸ் தீவுகளைச் சுற்றிய ஆழமற்ற கடலில் நீரிலுள்ள சுண்ணாம்பு தானாகவே உருண்டைத் துகள்களாகப் படிந்து இப்படி மணலாகிறது. லட்சத்தீவிலும் மாலத்தீவிலும் நாம் படங்களில் காணும் வெள்ளை மணல் வேறு வகை. பவளப்பாறையைக் கொறித்துத் தின்னும் கிளிமீன்கள் அதன் சுண்ணாம்பைப் பொடியாக்கிக் கழிவாக வெளியேற்றுகின்றன. பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணலை இப்படி உண்டாக்கும். மாலத்தீவின் அழகிய கரையில் நடப்பவர்கள் எதன் மீது நடக்கிறோம் என்று அறிந்தால் சற்றுச் சிரிக்கக்கூடும். ஸுப்ஹானல்லாஹ்.

கல்லுக்குள் நடக்கும் வேலை

மீன் சுவாசிக்கும்போதும் கழியும்போதும் அம்மோனியா வெளியாகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். சிறிதளவே மீனைக் கொல்லும். மணல் துகள்களின் மேலும் பாறையின் துளைகளிலும் குடியேறும் ஒருவகை பாக்டீரியா இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை வந்து அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இது அவ்வளவு கொடியதல்ல. வாராவாரம் கொஞ்சம் நீரை மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். பாறையின் உள்ளே பிராணவாயு எட்டாத இருட்டுத் துளைகளில் மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. அது நைட்ரேட்டையும் உடைத்து நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விட்டுவிடும்.

இந்தக் குடியேற்றத்திற்குக் காலம் ஆகும். சாதாரணமாக 4 முதல் 6 வாரம். மணல், பாறை, உப்புநீர் மூன்றையும் போட்டு, நீரோட்ட மோட்டாரை ஓடவிட்டு, மீன் இல்லாமல் காத்திருக்க வேண்டும். சிறிதளவு தீனி போட்டு அழுகவிட்டால் பாக்டீரியாவுக்கு உணவாகும். அம்மோனியா, நைட்ரைட் பரிசோதனைத் திரவங்கள் கடையில் கிடைக்கும். இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே முதல் மீன். அதுவும் ஒன்றிரண்டுதான். பிள்ளைகளுக்கு இந்த ஒன்றரை மாதம்தான் சிரமம். வெள்ளிக்கிழமை தொட்டி வாங்கி ஞாயிற்றுக்கிழமை மீன் விடும் வீடுகளில்தான் திங்கட்கிழமை அழுகை.

கல்லையும் மணலையும் வைத்தே கடல் மீன் தொட்டியை நடத்தலாம் என்ற யோசனை மிகப் பழையதல்ல. சென்னையில் 1909-லேயே மெரினாவில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. ஆனால் வீட்டுத் தொட்டியில் கடல் மீனை நீண்டகாலம் காப்பது அன்று அரிது. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்புள்ள கல்லையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே கொண்டு தொட்டியைப் பேணும் முறையை 1961-ல் ஓர் இதழில் எழுதினார். பின்னர் ஜெர்மனியில் அதை வளர்த்தெடுத்தார்கள். அந்தக் கல்லுக்கு 'லைவ் ராக்' என்று பெயர் வந்தது. கல்லுக்கு உயிர் கிடையாது. அதில் குடியிருப்பவற்றுக்கு உண்டு.

எந்தக் கல்லை வாங்குவது

இங்கேதான் நம் மக்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கடலில் எடுத்த லைவ் ராக் வேண்டும் என்று கேட்கிறார்கள். 'எங்கிருந்தோ' வரவழைத்துத் தருவதாகச் சிலர் சொல்கிறார்கள். அந்த 'எங்கிருந்தோ' பெரும்பாலும் மன்னார் வளைகுடா அல்லது பாக் நீரிணையாக இருக்கும். இந்தியாவில் கடின பவளங்கள், கருப்புப் பவளங்கள், கடல் விசிறிகள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. உயிருள்ள பவளம் மட்டுமல்ல, காய்ந்து வெளுத்த துண்டை விற்பதும் வாங்குவதும்கூடக் குற்றம். முதல் அட்டவணைக் குற்றத்திற்குக் குறைந்தது 3 ஆண்டுகள், கூடினால் 7 ஆண்டுகள் சிறை. 'தெரியாமல் வாங்கிவிட்டேன்' என்பது வழக்கில் நிற்காது.

சட்டத்திற்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை, நம் கீழக்கரையை ஒட்டியும், வரிசையாகக் கிடந்த 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் பல பத்தாண்டுகள் அந்தத் தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் வீடு கட்டவும். பாறை போனதும் அலையைத் தடுக்க ஆளில்லை. தீவுகள் கரைந்தன. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்குள். மீனவர்கள் வலை உலர்த்திய இடம் வரைபடத்தில் மட்டும் இருக்கிறது.

மாலே நகரில் 1658-ல் கட்டப்பட்ட ஹுகுரு மிஸ்கீ எனும் பழைய ஜும்ஆப் பள்ளி முழுக்கப் பவளக் கல்லால் ஆனது. கல்லில் செதுக்கிய வேலைப்பாடு மிக நேர்த்தி. அன்று அந்தத் தீவில் கட்டுவதற்குக் கிடைத்த கல் அது ஒன்றுதான். அதில் பள்ளி எழுப்பியவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. நம் வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டிக்கு அப்படி ஒரு நெருக்கடி இல்லை.

மாற்று உண்டு. 'டிரை ராக்' என்ற பெயரில், நிலத்தில் தோண்டியெடுத்த தொல்பழங்கால சுண்ணாம்புப் பாறையும், தொழிற்சாலையில் செய்த துளைகள் நிறைந்த செயற்கைக் கல்லும், பீங்கான் கல்லும் கிடைக்கின்றன. பில்லோடு வாங்குங்கள். பாக்டீரியாவுக்கு இருட்டான துளைதான் வேண்டும். கல்லின் பிறந்த ஊர் அதற்குத் தெரியாது. நான்கு மாதம் போனால் டிரை ராக்கும் லைவ் ராக்காகிவிடும். கைவேலையில் ஆர்வமுள்ளவர்கள் சிமெண்டோடு கிளிஞ்சல் தூளும் கல்லுப்பும் கலந்து வார்த்துச் செய்துகொள்கிறார்கள். உப்பு கரைந்ததும் துளைகள் கிடைக்கும். ஆனால் சிமெண்டின் காரம் இறங்க ஒன்றிரண்டு மாதங்கள் நீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். அவசரப்பட்டால் மீன் வெந்துவிடும்.

மீனிலும் இப்படித் தேர்வு செய்யலாம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையமும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கின்றன. பண்ணையில் பிறந்த மீனா, கடலில் பிடித்த மீனா என்று கடையில் கேளுங்கள். பண்ணை மீன் தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது. அதிக நாள் இருக்கும்.

வைக்கும் முறை

முதலில் பாறை, பிறகு மணல். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். மணல் மேல் பாறையை அடுக்கினால், மணலைத் தோண்டும் மீனோ இறாலோ அடியைக் குடைந்து கல் சரியும். கண்ணாடி உடைந்தால் வீடே கடல். அதனால் பாறை தொட்டியின் அடித்தளத்திலேயே அமர வேண்டும்; கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையில் மெல்லிய பிளாஸ்டிக் வலை போட்டால் இன்னும் நல்லது. பின்புறக் கண்ணாடியோடு ஒட்டிச் சுவர்போல் அடுக்காதீர்கள். நீர் எல்லாப் பக்கமும் சுற்றிவர இடைவெளி வேண்டும். நூறு லிட்டருக்கு 12 கிலோ என்பது பழைய கணக்கு. துளைகள் அதிகமுள்ள கல்லென்றால் 8 கிலோகூடப் போதும்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. 200 லிட்டர் தொட்டி கல், மணல், மேசை எல்லாம் சேர்ந்து 300 கிலோவை நெருங்கும். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ராயப்பேட்டைப் பக்கம் மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மாடியில் இருப்பவர்கள், ஒரு கொத்தனாரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம்.

மணலின் பருமன் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர். மாவுபோன்ற மணல் மோட்டார் ஓட்டத்தில் பறந்து கல்லின் மேல் படியும். பெரிய சல்லியின் இடுக்கில் தீனி சிக்கி அழுகும். ஆழம் ஒன்று, ஒன்றரை அங்குலம் போதும். நான்கு அங்குலத்துக்கு மேல் போட்டு, கீழடுக்கை நைட்ரேட் உடைக்கவிடும் முறையும் உண்டு. அது அனுபவம் உள்ளவர்களுக்கு. இரண்டுக்கும் நடுவே மூன்று அங்குலம் போட்டுவைப்பதுதான் தொல்லை. சுத்தம் செய்யவும் வசதியில்லை, முறையாக வேலை செய்யவும் ஆழமில்லை.

சுத்தம் என்ற பெயரில்

நம் வீடுகளில் சுத்தம் என்றால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவுவது. பெருநாளைக்கு முந்தைய வாரம் இந்த ஆபத்து அதிகம். மணலை வாளியில் கொட்டிக் குழாய்த் தண்ணீரில் அலசி, கல்லை பிரஷ் போட்டுத் தேய்த்து, எல்லாம் பளபளவென்று திரும்ப வைப்பார்கள். மறுநாள் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தி.நகரில் நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் மூன்று ஆண்டுகள் நன்றாக இருந்த தொட்டி இப்படி ஒரே இரவில் காலியானது. குழாய் நீரில் உள்ள குளோரின் கிருமிகளைக் கொல்லத்தான் சேர்க்கப்படுகிறது. அதற்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி தெரியாது.

சரியான முறை இதுதான். வாரம் ஒருமுறை பத்து சதவீத நீரை மாற்றும்போது, அகன்ற வாயுள்ள சைஃபன் குழாயால் மணலின் மேற்பரப்பை மட்டும் உறிஞ்சுங்கள். ஒரே நாளில் முழுவதையும் செய்யாமல் மூன்றில் ஒரு பகுதியை மட்டும். அடுத்த வாரம் அடுத்த பகுதி. முதல் நாளிலிருந்து இப்படிச் செய்துவந்தால் அழுக்கு சேராது. மணல் அலச வேண்டியிருந்தால், வெளியே எடுத்த உப்புநீரிலேயே அலச வேண்டும்.

ஆண்டுக்கணக்கில் கை வைக்காத தொட்டி ஒன்று உங்களிடம் வந்து சேர்ந்தால், அங்கே சட்டம் வேறு. அடிமணலைக் கிளறவே கூடாது. பிராணவாயு இல்லாத ஆழத்தில் கருப்புத் திட்டுகள் இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அப்படியே கிடந்தால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. கிளறினால் நீரில் கலந்து மீனைக் கொன்றுவிடும். கண்ணாடி ஓரத்தில் கருப்புத் தெரிகிறதே என்று பதற்றப்பட்டுக் குச்சியை விடும் பிள்ளைகளைத் தடுங்கள்.

பாறையைத் தேய்க்க வேண்டாம், ஊதினால் போதும். மருந்துக்கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சில் தொட்டி நீரையே எடுத்து, கல்லின் இடுக்குகளில் பீய்ச்சுங்கள். சாம்பல் நிறப் புழுதி கிளம்பும். சற்று நேரத்தில் சைஃபன் போட்டு நீரோடு அதை எடுத்துவிடலாம். இதை நீர் மாற்றும் நாளிலேயே செய்யுங்கள்.

நிறங்களைப் படிக்கப் பழக வேண்டும். புதுத் தொட்டியில் மணல் மேல் பழுப்புத் தூசு படர்ந்தால் பயப்பட வேண்டாம். சில வாரங்களில் தானே போய்விடும். சிவப்பும் ஊதாவும் கலந்த வழவழப்பான போர்வை படர்ந்தால், தீனி அதிகம் அல்லது நீரோட்டம் குறைவு. கல்லில் பச்சை முடி முளைத்தால் பாஸ்பேட் கூடிவிட்டது. பெரும்பாலும் குழாய் நீரோ போர்வெல் நீரோ காரணம். சென்னை போர்வெல் நீரை நம்பவே வேண்டாம். ஆர்.ஓ. நீரில் கடல் தொட்டிக்கான உப்பை, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கலந்து பயன்படுத்துங்கள். சமையல் உப்பு ஆகாது. கோடையில் ஆவியாகிக் குறைவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கும். எனவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. நீரையே ஊற்ற வேண்டும். கல்லில் இளஞ்சிவப்பு, ஊதா நிறத்தில் கெட்டியான ஓடுபோல் ஏதாவது படர்ந்தால், அது நல்ல செய்தி. சுண்ணாம்புப் பாசி. அழுக்கென்று சுரண்டிவிடாதீர்கள்.

மணலைக் கிளறித் தரும் உயிரினங்களையும் விடலாம். மணலுக்குள் புதைந்து வாழும் நத்தைகள், மணலை வாயில் அள்ளிச் சலித்துத் துப்பும் கோபி மீன்கள் நன்றாக வேலை செய்யும். வெளிநாட்டு நூல்கள் கடல் அட்டையையும் பரிந்துரைக்கும். இங்கே அது வேண்டாம். கடல் அட்டை இனங்கள் அனைத்தும் 2001 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ளன. கடல் குதிரையும் அப்படியே. ராமநாதபுரம் கரையில் கடல் அட்டைக் கடத்தல் வழக்குகளில் சிக்கிய குடும்பங்களின் நிலையை நம் வாசகர்கள் அறிவார்கள்.

மின்சாரம் போனால்

2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். இரண்டு புயல்களின்போதும் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் நின்றால் நீரோட்டம் நிற்கும். மணலிலும் பாறையிலும் உள்ள கோடானுகோடி பாக்டீரியா நீரிலுள்ள பிராணவாயுவைத் தொடர்ந்து உறிஞ்சும். சில மணி நேரத்தில் மீனுக்கு மூச்சு முட்டும். பிறகு பாக்டீரியாவும் மடியத் தொடங்கி நீர் கெடும். பேட்டரியில் ஓடும் சிறிய காற்று பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள். அதுவும் இல்லாத இரவில், ஒரு குவளையால் தொட்டி நீரை மொண்டு சற்று உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தால் காற்று கலக்கும். பிள்ளைகளை முறை வைத்துச் செய்யச் சொல்லலாம். மின்சாரம் வரும்வரை தீனி போடக் கூடாது. ஏப்ரல், மே வெயிலிலும் இதே கதைதான். நீர் 30 டிகிரியைத் தாண்டினால் அதில் தங்கும் பிராணவாயு குறையும். நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறியைத் திருப்பிவிட்டால் ஓரிரு டிகிரி இறங்கும்.

கைகளுக்கும் பாதுகாப்பு வேண்டும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் கை விடாதீர்கள். மீன் தொட்டி நீரிலுள்ள ஒருவகை கிருமி தோலில் புகுந்து மாதக்கணக்கில் ஆறாத புண்ணை உண்டாக்கும். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. கல்லைச் சுத்தம் செய்கிறோம் என்று ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள். சில கல்லில் பொத்தான் போன்ற சிறு உயிரினங்கள் ஒட்டியிருக்கும். அவற்றில் சில பாலிடாக்சின் எனும் கொடிய நஞ்சைக் கொண்டவை. கொதிக்கும்போது ஆவியோடு அது வீடு முழுதும் பரவி, குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன.

கடைசியாக, தொட்டியை மூடிவிட நினைப்பவர்களுக்கு. வளைகுடா வேலைக்குப் போகிறோம், வீடு மாறுகிறோம் என்று பலருக்கும் இந்த நிலை வரும். மீனையும் கல்லையும் குப்பத்துக் கடலிலேயே விட்டுவிட்டால் நன்மை கிடைக்கும் என்று எண்ணிச் சிலர் மாலையில் வாளியோடு போகிறார்கள். செய்யாதீர்கள். தொட்டியில் வளர்ந்தது வேறு கடலின் உயிரினமாக இருக்கலாம். நோயையும் பாசி விதையையும் சுமந்திருக்கலாம். மன்னார் வளைகுடாவில் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற அயல் பாசி குருசடைத் தீவின் பவளங்களின் மேல் படர்ந்து மூடியதை ஆய்வாளர்கள் 2008-ல் பதிவு செய்தார்கள். ஆண்டுக்கணக்கில் கையால் அகற்ற வேண்டியிருந்தது. மீனைத் தொட்டி வைத்திருக்கும் இன்னொருவருக்கோ கடைக்கோ கொடுங்கள். பாறையைத் தொட்டி நீரில் நனைத்த செய்தித்தாளில் சுற்றி, சில மணி நேரத்திற்குள் அவர் தொட்டியில் சேர்த்துவிட்டால் பாக்டீரியா உயிரோடு இருக்கும். அவருக்கு ஒன்றரை மாதக் காத்திருப்பு மிச்சம். பழைய மணலைக் கொடுப்பதாயின் மேலே உள்ள ஒரு கைப்பிடி போதும். மீதியை நல்ல தண்ணீரில் உப்புப் போகப் பல தடவை அலசிக் காயவைத்தால் மாடித்தோட்டத்துத் தொட்டி மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளலாம்.